அங்கிள்மாரின் பண்பாடும் அம்மாவின் அப்பிள் மதுவும்

சனிக்கிழமை விடிந்தால் கார்ட்டூனை நிறுத்திவிட்டு, பாதித் தூக்கத்தில் காருக்குள் ஏற்றப்பட்டு, மெல்பேர்னின் தென்கிழக்கு மூலையில் யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வகுப்பறையில் இருந்து ஆனா ஆவன்னா எழுதியவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நமக்கு இப்போது முப்பது எட்டிப் பார்க்கிறது. எனக்கு வகிட்டோரம் நாலைந்து நரை. உங்களில் இரண்டு பேருக்கு முன்மண்டை வெளித்துவிட்டது, படத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாலும் தெரிகிறது. வயது போகப் போகக் கோபம் ஆறும் என்று எந்த விசரன் சொன்னானோ தெரியாது. எனக்குக் கூடிக்கொண்டுதான் போகிறது.

போன மாதம் நமது தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் அந்தக் காலத்துத் தலைவர் அங்கிளின் பிறந்தநாளுக்குப் போனோமே, அங்கே என்ன நடந்தது? சாப்பாடு முடிந்ததும் கராஜைத் திறந்து காட்டினார். பளபளவென்று ஒரு எஃகுத் தொட்டி, குழாய்கள், வெப்பமானி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பழகினாராம். அப்பிள் சாற்றை நொதிக்கவிட்டுத் தன் கையாலேயே சைடர் செய்கிறாராம். ஆளுக்கொரு கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தந்தார். "அங்கிள், சூப்பர்! கடையில வாங்கிறதெல்லாம் பிச்சை வாங்கோணும்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் கை தட்டினீர்கள். நான் குவளையை வாங்காமல் வெளியே போய்க் காருக்குள் இருந்துகொண்டேன். தலையிடி என்று நினைத்திருப்பீர்கள். தலையிடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆத்திரம்தான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் இதே சைடரைச் செய்ததற்காக இதே மனிதர் என் அம்மாவை என்ன பாடுபடுத்தினார் என்பது உங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது. கேளுங்கள்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா முதலில் வந்து, வீசா சரிவந்து, பிறகு அம்மாவையும் என்னையும் வவுனியாவிலிருந்து கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா அங்கே விஞ்ஞான ரீச்சர். தெருவில் இறங்கினால் சைக்கிளில் போகிற பெடியன்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள், அப்படிப்பட்ட ரீச்சர். இங்கே அவளுக்குக் கிடைத்த வேலை சலாட் பொதி செய்கிற தொழிற்சாலையில், குளிர் அறையில். இரண்டு கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டு, ஓடுகிற பட்டிக்குப் பக்கத்தில் எட்டு மணித்தியாலம் நிற்க வேண்டும். மேற்பார்வைக்காரனுக்கு அவளுடைய பெயர் வாயில் வராது, வரவைக்க அவன் முயன்றதும் இல்லை. கரட் வருகிற இடத்தில் நின்றதால் அவள் "கரட் லேடி". ஐந்து நாளும் கரட் லேடி. சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் மட்டும் ரீச்சர்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சின்ன வகுப்புத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் பெரிய வகுப்பை, பன்னிரண்டாம் ஆண்டுச் சோதனைக்குத் தமிழ் எடுக்கிற வகுப்பை, படிப்பித்த மாஸ்டர் சிட்னிக்கு இடம் மாறிவிட்டார். தலைவர் அங்கிள்தான் வீட்டுக்கு வந்து, எங்கள் கதிரையில் இருந்து, அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னார்.

"ரீச்சர், அடுத்த வருசம் பெரிய வகுப்பு உங்களுக்குத்தான். வாணி விழாவில மேடையில வைச்சு அறிவிப்பம்."

அம்மா ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "ஓம், பாப்பம்" என்றாள். அவர் போனதும் கடைக்குப் போய் நாலு கொப்பி வாங்கி வந்தாள். அன்றிலிருந்து வேலையால் வந்து குளித்துவிட்டு, தினமும் அந்தக் கொப்பிகளில் இலக்கணக் குறிப்பும் கட்டுரைக் குறிப்பும் எழுதத் தொடங்கினாள். வந்து இரண்டு வருடத்தில் அவள் குசினியில் பாட்டு முணுமுணுத்து நான் கேட்டது அந்த மாதத்தில்தான். அந்த வகுப்பு அவளுக்கு என்ன என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்ல?

சைடர் கதை அதே நாட்களில்தான் தொடங்கியது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெண் இருந்தாள். அவளுடைய அப்பிள் மரத்தின் பாதி எங்கள் பக்கம் சாய்ந்து கிடக்கும். பச்சைக் காய், வாயில் வைத்தால் காது வரை புளிக்கும். அவள் வாளி வாளியாகக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் தருவாள், வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. அப்பிள் சம்பல், அப்பிள் ஊறுகாய், ஒரு நாள் அப்பிளில் புளிக்குழம்பு. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு, "இஞ்சேரப்பா, இனி இந்த வீட்டில அப்பிள் எண்ட கதை வரப்படாது" என்றார்.

பஸ்காரியிடம் அம்மா இதைச் சொல்லிச் சிரித்தபோது அவள், தன் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் இந்தக் காயில் சைடர் செய்வார் என்று சொல்லி, கொட்டிலுக்குள் போய் ஒரு பெரிய கண்ணாடிச் சாடியைத் தூக்கி வந்தாள். சாடியின் வாயில் ஒரு இறப்பர் அடைப்பான், அதில் வளைந்த ஒரு சின்னக் குழாய். குழாய்க்குள் தண்ணீர் விட்டால் உள்ளே இருக்கிற வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. அம்மா அதை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, அந்த முகத்தை நீங்கள் கண்டிருக்க வேண்டும். "பிள்ளை, எங்கட பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில இருந்த சாமான் மாதிரியே இருக்கு" என்றாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அவளுக்குக் குடிக்க ஆசை வரவில்லை. ஒரு கண்ணாடிச் சாமானுக்குள் ஏதோ நடப்பதைப் பார்க்க ஆசை வந்தது. அவ்வளவுதான்.

முதல் முறை எல்லாம் பிழையாகப் போனது. சாறு பிழிய இயந்திரம் இல்லை. அப்பிளைத் துண்டு துண்டாக வெட்டி மிக்சியில் போட்டு அரைத்தோம், நாலாவது வாளியில் மிக்சி புகைந்து நின்றது. அரைத்ததை அப்பாவின் கோயில் வேட்டியில் கொட்டி, நான் ஒரு தலைப்பையும் அவள் மறு தலைப்பையும் பிடித்து முறுக்கினோம். வேட்டி மண்ணிறமாகிவிட்டது, எத்தனை தரம் தோய்த்தும் வெளுக்கவில்லை. அப்பா கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு ஒரு மாதம் காற்சட்டையோடுதான் போனார். சாற்றுக்குள் பாணுக்குப் போடுகிற மதுவத்தை, அதுதான் ஈஸ்ற்றை, போட்டு, சாடியின் வாயைத் துணியால் மட்டும் கட்டி வைத்தாள். பழ ஈ புகுந்துவிட்டது. மூன்று கிழமையில் சாடி முழுக்க வினாகிரி. அந்த வினாகிரியில்தான் அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டு வெங்காயச் சம்பல் நடந்தது.

அம்மா சலிக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்தாள். சைடருக்கென்று விற்கிற மதுவம் வாங்கினாள், சாற்றில் சீனி எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் கோல் வாங்கினாள். இரண்டாம் முறை எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவி, குழாயையும் சரியாகப் பூட்டினாள். இரண்டாம் நாள் காலையில் "ப்ளக்" என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கராஜுக்குள் யாரோ ஆறுதலாக வெற்றிலை மெல்லுகிற மாதிரி அந்தச் சத்தம் இருபத்துநாலு மணித்தியாலமும் கேட்டது.

ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டாள். தமிழ்க் கடையில் வாங்கிய வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, அந்தத் தெளிந்த நீரை ஒரு ஜாம் போத்தலில் வைத்திருந்தாள். சாடியிலிருந்து ஒரு ரியூப்பை இழுத்து அதற்குள் விட்டாள். குமிழி ஒவ்வொன்றாக வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெல்ல மெல்ல வெளுத்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

"பால் மாதிரி வந்திட்டுது."

"ஏன்?"

"ஐ டோன்ற் நோ."

"காபனீரொட்சைட்டு, பிள்ளை. மதுவம் சீனியைத் திண்டிட்டு மூச்சு விடுது. அதின்ர மூச்சைத்தான் நீ பாக்கிறாய்."

அந்த ஒரு நிமிடத்துக்கு அவள் கரட் லேடி இல்லை. அந்தக் குரல் நான் குழந்தையாக இருந்தபோது வவுனியாவில் வகுப்பறை யன்னலுக்கு வெளியே நின்று கேட்ட குரல். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. ஆனால் பதின்மூன்று வயதுக்காரி அதைக் காட்டுவாளா? "கான் ஐ கோ நவ்?" என்று கேட்டேன்.

யூன் மாதம் குமிழி நின்றது. முடிந்துவிட்டது என்று அம்மா போத்தலில் அடைத்தாள். அது முடியவில்லை. மெல்பேர்ன் குளிரில் மதுவம் உறங்கிப்போயிருந்தது. வவுனியாவில் எதுதான் குளிரில் உறங்கும்? மார்கழியிலும் வேர்க்கிற ஊர். குளிருக்குள் நொதித்தல் பாதியில் நிற்கும் என்பது அவளுடைய அறிவுக்கே எட்டவில்லை. இதுதான் அவள் செய்த ஒரே பிழை, இதை அவளே பிறகு எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டாள்.

போத்தல் புதிதாக வாங்குகிற பழக்கம் எந்தத் தமிழ் வீட்டில் இருக்கிறது? தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற நெல்லிக் கோடியல் முடிந்த கண்ணாடிப் போத்தல்கள் எங்கள் வீட்டில் இருபதுக்கு மேல் கிடந்தன. கடை லேபிள் எவ்வளவு ஊறவைத்தும் உரியவில்லை. அதனால் அதன் மேலேயே சோற்றுப் பசையால் தன் லேபிளை ஒட்டினாள். நான்தான் வளைவு வளைவாக வெட்டுகிற கத்தரிக்கோலால் கடதாசி வெட்டிக் கொடுத்தேன். அவள் ஆய்வுகூடப் போத்தலுக்கு எழுதுகிற மாதிரி குண்டு குண்டாக எழுதினாள்: "அப்பிள் மது. நொதித்தது. சிறுவர் தொடக்கூடாது." கீழே திகதி. எல்லாவற்றையும் கராஜ் மூலையில் அடுக்கிப் போர்வையால் மூடினாள்.

இனி அப்பாவிடம் வருகிறேன். உங்கள் அப்பாமாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான், அதனால் ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பிறந்தநாளானாலும், எந்தச் சாமத்தியவீடானாலும், கேக் வெட்டி முடிய முதலே அங்கிள்மார் எல்லாரும் கராஜுக்குள் போய்விடுவார்கள். விஸ்கிப் போத்தல், ஐஸ் வாளி, ஆட்டிறைச்சிப் பொரியல். அன்ரிமார் கோப்பையில் பொரியலை நிரப்பி நிரப்பி உள்ளே அனுப்புவார்கள். நாங்கள் பிள்ளைகள் அந்தக் கதவைத் தட்டக்கூடாது. வெளியே வரும்போது கண் சிவந்து, பழைய பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். அப்போது ஒருத்தரும் பண்பாடு பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

வாணி விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பின்னேரம், மேடைச் சோடனை செய்ய நிர்வாகக் குழு அங்கிள்மார் எங்கள் கராஜுக்கு வருவதாக இருந்தது. அம்மா வேலையில். நான் பள்ளிக்கூடத்தால் வந்து கராஜ் வழியாக உள்ளே போனேன். அப்பா மூலையில் குந்தியிருந்தார். ஈரத்துணியால் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோற்றுப் பசைதானே, ஒரு இழுப்பில் வந்தது. அம்மாவின் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு குப்பை வாளிக்குள் விழுந்தன. அடியில் கடை லேபிள்: நெல்லிக் கோடியல்.

என்னைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"பிள்ளை, அம்மாட்டச் சொல்லிப்போடாத. தலைவர் வாறார். ஒரு ரீச்சர் வீட்டில இப்பிடி எழுதி அடுக்கி வைச்சிருந்தா மனுசர் என்ன நினைப்பினம்? பெரிய வகுப்பு அவவுக்குக் கிடைக்கோணுமெல்லோ. ஞாயிறு முடிய நானே திரும்ப எழுதி ஒட்டிவிடுறன்."

அவளுடைய வகுப்புக்காகத்தானாம்! இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதி வருகிறது. நான் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனேன்.

ஞாயிறு காலை அம்மா பிள்ளைகளின் நாட்டியத்துக்கு ஒழுங்கு செய்ய எல்லாருக்கும் முதலே மண்டபத்துக்குப் போய்விட்டாள். விழாப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற கோடியல் ஒரு பெட்டி எங்கள் கராஜில்தான் இருந்தது. அதை ஏற்றத் தலைவர் அங்கிளே வானோடு வந்தார். அப்பா உள்ளே சால்வை தேடிக்கொண்டு நின்றவர், அங்கிருந்தபடியே சத்தம் போட்டார்.

"உதில மூலையில கிடக்கு, ஏத்துங்கோ அண்ணை!"

தலைவர் அங்கிள் பெட்டியையும் ஏற்றினார். பக்கத்தில் போர்வைக்கு வெளியே தெரிந்த இரண்டு போத்தலையும் சேர்த்து ஏற்றினார். அவருடைய கையால். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாணி விழா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சரஸ்வதி படத்துக்கு முன்னால் நமது கொப்பிகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள், ஒரு நாளாவது படிக்காமல் இருக்கலாம் என்று நமக்கெல்லாம் சந்தோசம். பூசை முடிந்தது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நீட்டு மேசை, அதில் கோடியல் கரைக்கிற பெரிய வாளி. தலைவர் அங்கிள் பட்டு வேட்டியோடு போய் ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகினார்.

ஒக்ரோபர் வெயிலுக்குக் கராஜ் சூடேறியதில் உறங்கின மதுவம் எப்போதோ எழும்பியிருந்தது. மூடி பறந்தது. நுரை சீறிக்கொண்டு வந்து அவருடைய முகத்தில், மூக்குக்கண்ணாடியில், பட்டு வேட்டியில், அங்கிருந்து சரஸ்வதிக்கு முன்னால் இருந்த கொப்பிகளின் மேல். நீங்கள் எல்லாரும் கெக்கட்டமிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவர் உதட்டை ஒருதரம் நக்கினார். ஒருதரம் போதும், அந்த நாக்குக்கு அது பழக்கப்பட்ட சாமான்.

"சாராயம்!" என்று கத்தினார். "வாணி விழாவுக்கு ஆர் சாராயம் கொண்டுவந்தது?"

ஒரு பிள்ளையும் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்வரிசையிலிருந்து அம்மா நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். போத்தலை எடுத்துப் பார்த்தாள்.

"அது என்ர. நான் வீட்டில செய்தது. இஞ்ச எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது" என்றாள்.

அன்று மேடையில் ஒரு அறிவிப்பும் நடக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிய நிர்வாகக் குழு கூடியது. கூடியது எங்கே தெரியுமா? ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் அறையில். முழங்கால் நாடியில் முட்ட, அந்தக் குட்டிக் குட்டிக் கதிரைகளில் இருந்துகொண்டு என் அம்மாவை விசாரித்தார்கள். அப்பா ஒரு கரையில். நான் கதவோரம்.

"ரீச்சர், உங்களைக் குற்றம் சொல்ல நாங்கள் வரேல்லை," என்று தலைவர் அங்கிள் தொடங்கினார். குற்றம் சொல்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள். "ஆனா கசிப்புக் காய்ச்சிற வீட்டில இருந்து வாற ஆள் பாடம் சொல்லிக் குடுத்தா, தாய் தேப்பன்மார் என்ன சொல்லுவினம்?"

"நான் ஒண்டும் காய்ச்சேல்லை," என்றாள் அம்மா. "அடுப்பில ஏத்தி ஆவி பிடிச்சாத்தான் கசிப்பு. இது சும்மா நொதிக்க விட்டது. வீட்டுப் பாவிப்புக்கு இதைச் செய்யிறதுக்கு இந்த நாட்டில சட்டம் விடுது. அச்செடுத்துக் கொண்டு வந்திருக்கிறன், பாருங்கோ."

அவர் அந்தக் கடதாசியைக் கையால்கூடத் தொடவில்லை.

"சட்டம் வேற, எங்கட பண்பாடு வேற. ஆம்பிளையள் இடைக்கிடை எடுக்கிறது வேற விசயம். ஒரு பொம்பிளை, அதுவும் ஒரு ரீச்சர், வீட்டில செய்து அடுக்கி வைக்கிறதோ?"

பண்பாடாம்! அந்த அறையில் இருந்த ஒவ்வொருத்தரையும் எங்கள் கராஜில் விஸ்கிக் குவளையோடு பார்த்திருக்கிறேன். ஒருத்தர் குடி மிஞ்சி எங்கள் ரோசாச் செடிக்குள் சத்தி எடுத்தவர். அவர்தான் அன்று எல்லாருக்கும் மேலாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் குரல் உயரவில்லை.

"என்ர பிழை எது எண்டு நானே சொல்லுறன். குளிருக்கு மதுவம் உறங்கும் எண்டு எனக்குத் தெரியேல்லை. அவசரப்பட்டு அடைச்சிட்டன், அதாலதான் பொங்கினது. ஆனா ஒவ்வொரு போத்தலிலயும் இது மது எண்டு எழுதி ஒட்டினனான். அந்த லேபிள் இருந்திருந்தா ஒருத்தரும் மாறி எடுத்திருக்கமாட்டினம். அதை ஆர் கழட்டினது?"

"லேபிளோ? நான் ஒரு லேபிளையும் காணேல்லையே," என்றார் தலைவர் அங்கிள். அப்பாவைப் பார்த்தார். "நீர் கண்டனீரோ?"

அப்பா நிலத்தில் ஒட்டியிருந்த வண்ணக் கடதாசியைப் பார்த்தார்.

"எனக்கு உந்த விசயம் ஒண்டும் தெரியாதண்ணை. நான் உந்த மூலைக்கே போறேல்லை."

அறையில் ஒரு மாதிரி முணுமுணுப்பு. லேபிள் இருந்ததென்று அம்மா கதை கட்டுகிறாள் என்ற முணுமுணுப்பு. தலைவர் அங்கிள் கதிரையோடு என் பக்கம் திரும்பினார். குரலில் தேன்.

"பிள்ளை, நீ சொல்லு. அம்மா போத்தலில ஏதும் எழுதி ஒட்டினதை நீ கண்டனியோ?"

கண்டேனா? கடதாசியை வெட்டிக் கொடுத்ததே நான். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே உங்களில் மூன்று பேர் நின்றீர்கள், அந்தக் கிழமை முழுக்க எனக்கு "கசிப்பு" என்று பட்டம் வைத்துச் சிரித்தவர்கள். எனக்கு அந்த அறையிலிருந்து வெளியே போனால் போதும் என்று இருந்தது.

"ஐ டோன்ற் நோ, அங்கிள்."

அம்மா அச்செடுத்த கடதாசியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "சரி" என்றாள். எழும்பி, தான் இருந்த குட்டிக் கதிரையை மேசைக்குக் கீழே ஒழுங்காகத் தள்ளிவிட்டுப் போய்க் காருக்குள் இருந்தாள். கொஞ்சக் காலம் ஓய்வெடுக்கச் சொல்லி அடுத்த கிழமை கடிதம் வந்தது. பெரிய வகுப்பு மட்டுமல்ல, சின்ன வகுப்பும் போய்விட்டது.

இதோடு முடிந்திருந்தாலும் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. தை மாதம் தலைவர் அங்கிள் ஆள் அனுப்பினார். எதற்கு? பெரிய வகுப்புக்குப் படிப்பிக்க ஆளில்லையாம், ரீச்சர் எழுதி வைத்த குறிப்புக் கொப்பிகளைத் தரமுடியுமா என்று கேட்டார். என்ன துணிவு! வந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அம்மா உள்ளே போய் நாலு கொப்பியையும் எடுத்துத் துடைத்து, ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

"பிள்ளையள் என்ன செய்ததுகள், பாவங்கள்" என்றாள்.

நாலைந்து வருடம் கழித்து அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் நீங்கள்தான். சோதனைக்கு முதல் விழுந்து விழுந்து படித்தீர்களே ஒரு போட்டோக் கொப்பிக் கட்டு, இலக்கணம் இவ்வளவு இலேசா என்று வியந்தீர்களே, அது என் அம்மாவின் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவளுடைய பெயர் இருந்தது. கொப்பி எடுக்கும்போது அதன் மேல் வெள்ளைக் கடதாசி வைத்து மறைத்திருந்தார்கள். எனக்கும் அந்தக் கட்டுகளில் ஒன்று தந்தார்கள். வாங்கினேன்.

இவ்வளவையும் மனதுக்குள் போட்டுக் குமைந்துகொண்டுதான் அந்தப் பிறந்தநாள் விழாவுக்கு அடுத்த நாள் அம்மாவை டண்டினோங் சந்தைக்குக் கூட்டிப் போனேன். தலைவர் அங்கிளின் எஃகுத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எந்த மதுவம் போடுறாராம்? குளிருக்குக் கவனமாம் எண்டு சொல்லு" என்றாள். அவளுடைய சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினேன்.

"அம்மா, அண்டைக்கு லேபிளைக் கழட்டினது அப்பா. நான் கண்டனான்."

பதினைந்து வருடம் ஆகப்போகிறது, அதைச் சொல்ல எனக்கு.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்? எப்ப தெரியும்?"

"வாணி விழா முடிஞ்சு வந்த உடன தெரியும். குப்பை வாளியை ஆர் கொட்டுறது இந்த வீட்டில? நான்தானே."

"அப்ப ஏனம்மா அவ்வளவு பேருக்கும் முன்னால ஆர் கழட்டினதெண்டு கேட்டனீங்கள்? தெரிஞ்சால் நேரா அவரின்ர பேரைச் சொல்லியிருக்கலாமே! அந்த வகுப்பு உங்களுக்கு எவ்வளவு பெரிசு!"

அம்மா யன்னல் பக்கம் திரும்பினாள்.

"அவையளிட்டயோ கேட்டனான் எண்டு நினைச்சனி? அவையள் என்ன சொல்லுவினம் எண்டு எனக்குப் போக முதலே தெரியும். நான் உங்கள் ரெண்டு பேரிட்டயும்தான் பிள்ளை கேட்டனான்."

விளக்கு பச்சையானது. இத்தனை வருடம் தலைவர் அங்கிளுக்கு வைத்திருந்த அத்தனை வசையும் என் வாய்க்குள்ளேயே கிடந்தது, ஒன்றுகூட அவருக்குப் பொருந்தவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.